கடலைக் காணும் கல்வி

திருவண்ணாமலையில் வாழ்பவர் சங்கொலி கேட்டுப் பழகியவர். கோயில்களில் பூசை வேளையில் சங்கு முழங்கும். மலையைச் சுற்றி வரும் பதினான்கு கிலோமீட்டர் பாதையில், முழுநிலா நாள்களில் நடக்கும் அடியார் கூட்டத்திடையே சங்கின் ஓசை எழும். குழந்தைக்குப் பால் புகட்டும் சிறு கலத்துக்கும் சங்கு என்றே பெயர். இறந்தவர்க்கு முன்னே ஊதப்படுவதும் சங்கே. பிறப்பு முதல் இறப்பு வரை மனிதனோடு வரும் பொருள் அது.

ஆயினும், அவ்வூர்ச் சிறுவன் ஒருவனை அழைத்து, ‘சங்கு என்பது யாது?’ என்று கேட்டால், ‘ஊதுகின்ற கருவி’ என்றே விடை கூறுவான். அது ஓர் உயிர் தனக்கெனக் கட்டிக்கொண்ட வீடு என்பதை அறிந்தவர் பெரியவர்களுள்ளும் சிலரே. அவ்வுயிர் மன்னார் வளைகுடாவின் மணற்பாங்கான அடித்தளத்தில் மெல்ல ஊர்ந்து திரிகின்றது. மணலுள் மறைந்து வாழும் புழுக்களை உண்கின்றது. தாய்ச்சங்கு, ஆட்டுக்கடாவின் கொம்பு போன்று முறுக்கிய ஒரு நீண்ட கூட்டினை மணலில் ஊன்றி, அதனுள்ளே முட்டையிடுகின்றது. குஞ்சுகள் அக்கூட்டினின்று வெளிவரும்பொழுதே முதுகில் ஒரு சிறு சங்கினைச் சுமந்துகொண்டு வருகின்றன. இவற்றையெல்லாம் அறிந்த பின்னர்க் கேட்கும் சங்கொலி வேறு. அறியாமல் கேட்கும் சங்கொலி வேறு.

தமிழர் தம் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தனர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் அப்பகுப்பை மாணவர் அனைவரும் பாடத்தில் படிக்கின்றனர். திருவண்ணாமலைச் சிறுவனுக்குக் குறிஞ்சியை எவரும் விளக்க வேண்டுவதில்லை. வீட்டு வாயிலில் நின்றாலே மலை தெரியும். சவ்வாது மலைச் சாரலில் காடும் காடு சார்ந்த நிலமும் உள்ளன. செய்யாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் வயல்கள் மருதத்தைக் காட்டும். மழை பொய்த்த ஆண்டில் பாலையையும் அவன் கண்டிருப்பான். நெய்தல் ஒன்றே அவனுக்கு ஏட்டளவில் நிற்கின்றது. அருகிலுள்ள கடற்கரையான புதுச்சேரியும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஏட்டில் மட்டும் காணும் இறாலும் சுறாவும் அறிவுக்குப் போதுமான உணவாகமாட்டா.

ஆகவே, உள்நாட்டுப் பள்ளிகளில் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் படிப்புக் காலத்தில் ஒரு நாளேனும் கடல்வாழ் உயிர்க் காட்சிச்சாலை ஒன்றைக் கண்டு வருதல் வேண்டும். இதனை மகிழ்ச்சிப் பயணம் என்று ஒதுக்காமல், பாடத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும். அங்ஙனம் காணும் காட்சிச்சாலையும், தொலைதூர நாடுகளின் வண்ண மீன்களைக் காட்டி வியப்பூட்டுவதாக அமையாமல், நம் கடலில் வாழும் உயிர்களை நமக்கு அறிமுகம் செய்வதாக இருத்தல் வேண்டும்.

இக்கருத்துப் புதியதன்று. பொதுமக்கள் காண்பதற்கென்று மீன்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வைக்கும் வழக்கத்தை இலண்டன் விலங்குக் காட்சிச்சாலை 1853இல் தொடங்கிற்று. இத்தாலி நாட்டின் நேப்பிள்சு நகரில் ஆன்டன் டோர்ன் என்னும் அறிஞர் கடலாராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவி, அதன் கீழ்த்தளத்தில் ஒரு காட்சிச்சாலையை 1874இல் மக்களுக்குத் திறந்துவிட்டார். அங்கு வைக்கப்பெற்றவை நடுநிலக் கடலின் உயிர்களே. காண வருவோர் கொடுத்த கட்டணம் ஆராய்ச்சிக்கு உதவியது. ஆராய்ச்சியால் விளைந்த அறிவு காண வருவோர்க்குப் பயன்பட்டது.

தமிழ்நாடும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக விளங்கிய எட்கர் தர்சுடன், இராமேசுவரத்தைச் சூழ்ந்த கடலுயிர்களையும் முத்துக்குளிப்பையும் ஆராய்ந்தவர். அவருடைய முயற்சியின் பயனாகச் சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டு ஒரு கடல்மீன் காட்சிச்சாலை திறக்கப்பெற்றது. அது இந்தியாவிலேயே முதலாவது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அது மூடப்பட்டது. கடலோரத்தில் வாழ்ந்த சென்னை மக்களுக்கே கடலின் உள்ளிடத்தைக் காட்ட ஒரு நிலையம் வேண்டும் என்று நூறாண்டுகளுக்கு முன்னரே எண்ணினர். கடலையே காணாத ஊர்களுக்கு அத்தேவை எத்துணைப் பெரிது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்று அத்தகைய கல்விக்கு ஏற்ற இடங்களுள் ஒன்று மண்டபம். இந்திய அரசு 1947இல் தோற்றுவித்த மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் பல்லாண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1971இல் தலைமையிடம் கொச்சிக்கு மாற்றப்பட்ட பின்னரும், மண்டபத்தில் அதன் வட்டார ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகின்றது. அங்குள்ள கடலுயிர்க் காட்சிச்சாலையும் அருங்காட்சியகமும் பொதுமக்கள் காண்பதற்கு உரியவை. திருவண்ணாமலையிலிருந்து மண்டபம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இரவில் புறப்படும் பேருந்து விடியலில் அங்கே சேரும். ஒரு பகல் முழுவதும் கற்பதற்குக் கிடைக்கும்.

மண்டபத்தைத் தொட்டு விரியும் மன்னார் வளைகுடா, இந்தியக் கடல்களுள் உயிர்வளம் மிக்கவற்றுள் ஒன்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே வரிசையாக அமைந்த 21 தீவுகளும், அவற்றைச் சூழ்ந்த கடற்பரப்புமாக 560 சதுரக் கிலோமீட்டர் பரப்பு, 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப் பாறைகளும் கடற்புல் வெளிகளும் கடற்பாசிகளும் அங்கே நிறைந்துள்ளன. அவற்றிடையே வாழும் உயிர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வகையின என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர்.

இவ்வுயிர்களை ஒருவன் கண்ணால் காணும்பொழுது அவன் உள்ளத்தில் நிகழ்வது என்ன? கடற்குதிரையை எடுத்துக்கொள்வோம். குதிரை போன்ற முகமும், கிளையைப் பற்றிக்கொள்ளும் வாலும் உடைய அது, உண்மையில் ஒரு மீன். பெண் இடும் முட்டைகளை ஆண் தன் வயிற்றுப் பையில் ஏற்றுச் சுமக்கின்றது. குஞ்சுகள் பிறக்கும் வரையில் காக்கின்றது. ‘பெறுவது தாய், காப்பது தந்தை’ என்று வகுத்துப் பேசும் உலகத்தில், இச்சிறு மீன் அவ்வகுப்பைக் கலைத்துவிடுகின்றது. இயற்கை ஒரே வழியில் செல்வதன்று என்னும் பேருண்மையை நீண்ட சொற்பொழிவு உணர்த்துவதினும் இக்காட்சி விரைவாக உணர்த்தும்.

கடலட்டை பார்ப்பதற்கு அழகில்லாதது. தொட்டியின் அடியில் கறுத்த வெள்ளரிக்காய் போலக் கிடக்கும். மாணவர் பலர் அதனைக் கண்டு முகம் சுளித்து அப்பால் செல்வர். ஆனால், நிலத்தில் மண்புழு செய்யும் தொண்டினைக் கடலடியில் செய்வது அதுவே. மணலை விழுங்கி, அதிலுள்ள கழிவுகளை உணவாக்கிக்கொண்டு, தூய்மையான மணலை வெளியே விடுகின்றது. உழவர் குடியிற் பிறந்த திருவண்ணாமலைச் சிறுவனுக்கு மண்புழுவின் அருமை தெரியும். அவனிடம் இவ்வொப்புமையை எடுத்துச் சொன்னால், கடலட்டை அவனுக்கு அந்நியமாகத் தோன்றாது. வெளிநாட்டில் விலைபோவதற்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டமையால் கடலட்டைக்கும் கடற்குதிரைக்கும் 2001இல் சட்டத்தின் பாதுகாப்பு வழங்க நேர்ந்தது என்பதையும் அவன் எளிதில் புரிந்துகொள்வான்.

பவளப் பாறை கல்லன்று. கண்ணுக்குச் சிறியனவாகிய எண்ணற்ற உயிர்கள் சேர்ந்து எழுப்பிய நகரம். கிளிமீனும் களவாவும் சிங்கி இறாலும் அந்நகரத்தில் குடியிருப்பவை. தூத்துக்குடியை அடுத்த கடலில் சுண்ணாம்புக்காக இப்பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்தனர். அலையைத் தடுத்த அரண் அழிந்தது. 21 தீவுகளுள் இரண்டு நீருள் மூழ்கிப்போயின. வீடு கட்டச் சுண்ணாம்பு தேடியவர், தீவுகளின் காவற்சுவரை இடித்துவிட்டனர். இச்செய்தியைப் பவளப் பாறையின் முன் நின்று கேட்கும் மாணவன் அதனை வாழ்நாளில் மறவான்.

‘இவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதென்ன? கைப்பேசித் திரையில் உலகத்துக் கடல்களையெல்லாம் காணலாமே’ என்று சிலர் வினவக்கூடும். திரையில் காணும் காட்சி பயனற்றதன்று. ஆயினும் அது பிறர் தேர்ந்தெடுத்த காட்சி. திமிங்கிலம் துள்ளும் கணத்தையும் சுறா பாயும் கணத்தையும் மட்டுமே அது காட்டும். தொட்டியின் முன் நிற்பவனோ காத்திருக்கக் கற்கின்றான். மணலுள் புதைந்து கிடக்கும் திருக்கை எப்பொழுது அசையும் என்று பார்க்கின்றான். பாறையிடுக்கில் ஒளிந்த விலாங்கின் தலையைத் தானே தேடிக் கண்டுபிடிக்கின்றான். தேடிக் கண்டது தங்கும். தேடாமல் வந்தது கடந்துபோகும்.

‘உயிர்களைச் சிறிய தொட்டியில் அடைத்து வைத்தல் அருளுடைமை ஆகுமோ?’ என்பது மற்றொரு வினா. இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. கடல் பெரிது, தொட்டி சிறிது. எவ்வளவு நன்றாகப் பேணினாலும் தொட்டி கடலாகாது. ஆதலால், எல்லா உயிரையும் அடைத்து வைக்கலாகாது. ஆவுளியா என்று மீனவர் வழங்கும் கடற்பசுவை எடுத்துக்கொள்க. கடற்புல்லை மேய்ந்து வாழும் அப்பெரிய உயிர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்று ஈனும். அதற்குரிய இடம் கடலே. அதன் பொருட்டே தமிழ்நாடு அரசு 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நல்ல காட்சிச்சாலை, அடைத்து வைக்கத்தக்க சிறிய உயிர்களை நன்கு பேணிக் காட்டும். அடைக்கத் தகாதவற்றைப் படத்தாலும் எலும்புக் கூட்டாலும் விளக்கும். எதனை அடைக்கவில்லை, ஏன் அடைக்கவில்லை என்று சொல்லுவதும் கல்வியே ஆகும்.

‘கடலோரத்தார் கடலைக் கற்கட்டும்; மலையோரத்தார்க்கு அதனால் பயன் என்ன?’ என்பது மூன்றாவது வினா. மூன்றனுள் இதுவே பெரும் பிழையானது. ஏனெனில், திருவண்ணாமலைக்கும் கடலுக்கும் இடையே ஓர் ஓயாத பாதை உண்டு. அதுதான் ஆறு. சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு பாலாற்றோடு கலந்து கடலை அடைகின்றது. தென்பெண்ணையோ, 1958இல் கட்டி முடிக்கப்பெற்ற சாத்தனூர் அணையைக் கடந்து சென்று கடலூரை அடுத்து வங்கக் கடலில் கலக்கின்றது. திருவண்ணாமலை மாவட்டத்தில் பெய்யும் மழை, ஏரியையும் கால்வாயையும் நிரப்பி எஞ்சியபின், கடலுக்கே செல்கின்றது.

2024 திசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழை இதனைக் கொடிய முறையில் உணர்த்திற்று. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏற்பட்டு உயிர்கள் மாய்ந்தன. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் வெளியேறித் தென்பெண்ணைக் கரையிலுள்ள ஊர்களுள் புகுந்தது. கடலூர் வரையில் துன்பம் பரவிற்று. அந்த வெள்ளம் தன்னோடு மண்ணை மட்டுமா கொண்டுசென்றது? ஆண்டு முழுவதும் தெருவிலும் ஓடையிலும் ஏரிக்கரையிலும் மனிதர் எறிந்தவற்றையெல்லாம் வாரிக்கொண்டு சென்றது.

மலைவலம் வருபவர் அருந்திவிட்டு எறியும் நீர்ப்புட்டியும், உணவு கட்டிவந்த நெகிழிப் பையும் அவ்விடத்திலேயே அழிந்துவிடுவதாக எறிந்தவர் எண்ணுகின்றனர். அவை அழிவதில்லை, பயணம் செய்கின்றன. மழைநீர் அவற்றை ஓடையில் சேர்க்கும். ஓடை ஆற்றில் சேர்க்கும். ஆறு கடலில் சேர்க்கும். நீரில் மிதக்கும் நெகிழிப் பை, கடலாமையின் கண்ணுக்குச் சொறிமீன் போலத் தோன்றும். அதனை உணவென்று விழுங்கும் ஆமை இறந்துபோகும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்துள்ளது. சட்டம் வாயிலில் நின்று காக்கலாம். மனத்துள் புகுந்து காப்பது அறிவு. கடலாமையைக் கண்ணாரக் கண்ட சிறுவன், மலைவலப் பாதையில் நெகிழிப் பையை எறிவதற்குக் கை ஓங்கும்பொழுது ஒரு கணம் தயங்குவான். அந்தத் தயக்கத்தை உண்டாக்குவதே இக்கல்வியின் பயன்.

ஆமைக்கு வரும் கேடு நெகிழியால் மட்டும் அன்று. பங்குனி ஆமை என்று மீனவர் அழைக்கும் ஆமைகள் ஆண்டின் தொடக்க மாதங்களில் தமிழகக் கரையேறி மணலில் முட்டையிடும். 2025 சனவரியில் சென்னைக் கரையோரத்தில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. மூச்சுவிட நீர்மேல் வரவேண்டிய அவை, இழுவலையில் சிக்கினால் மூச்சுத் திணறி மடிகின்றன. இத்துயரைக் கண்டு வாளா இராதவர் மாணவரே. சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவில் கடற்கரையில் நடந்து, ஆமை முட்டைகளைத் திரட்டிக் காப்பிடத்தில் வைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். கண்டவரிடத்தே பரிவு பிறக்கும். பரிவு பிறந்த இடத்தில் தொண்டு பிறக்கும் என்பதற்கு இது சான்று.

இனி, இப்பயணம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதையும் எண்ணுதல் நலம். நூறு மாணவரைப் பேருந்திலிருந்து இறக்கி, வரிசையாக நடத்தி, அரைமணி நேரத்தில் மறுவாயில் வழியே வெளியேற்றுவது காட்சியாகலாம், கல்வியாகாது. புறப்படுமுன்னரே ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் உயிரைக் குறித்துக் கொடுத்தல் வேண்டும். ஒருவன் சங்கைப் பார்ப்பான். ஒருத்தி கடற்குதிரையைப் பார்ப்பாள். மற்றொருவன் பேத்தை மீன் உடலை உப்பச் செய்யும் காரணத்தை வினவுவான். தாம் கண்டதைப் படமாக வரைந்து, எழுதிக்கொண்டு வருதல் வேண்டும். திரும்பிய பின்னர் வகுப்பில் எழுந்து, ஏனையோர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். அப்பொழுது ஒருவன் கண்டது நாற்பதின்மர் கண்டதாகும்.

மீன்களுக்குத் தமிழ்ப் பெயர் கற்பதற்குக் கரையில் வாழும் மீனவரை அணுகுதல் வேண்டும். ஓரா, களவா, திருக்கை, பேத்தை என்று அவர்கள் வழங்கும் பெயர்கள் பல தலைமுறையின் அறிவைத் தாங்கியவை. ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லாமல் நிற்பதன் காரணத்தையும், அந்நாள்களில் அக்குடும்பங்கள் வாழும் வகையையும் அவர்களே சொல்ல வல்லவர். நகரத்துச் சந்தையில் மீனின் விலையை மட்டும் அறிந்த மாணவன், அம்மீனின் பின்னேயுள்ள உழைப்பையும் அங்கே அறிந்துகொள்வான்.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். கடற்கரைக் கடைகளில் பவளமும் சிப்பியும் காய்ந்த கடற்குதிரையும் நினைவுப் பொருளாக விற்கப்படுவது உண்டு. அவற்றுள் பவளமும் கடற்குதிரையும் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. நினைவுக்கென்று ஓர் உயிரின் உடலை வாங்கி வருதல், கண்டு கற்ற கல்விக்கு மாறாகும். நினைவு உள்ளத்தில் இருத்தலே சிறப்பு.

செலவு ஒரு தடையாகலாம். ஏழைப் பெற்றோர் தம் பிள்ளையை அனுப்ப இயலாமல் வருந்துதல் கூடாது. ஊரிலுள்ள செல்வரும் வணிகரும் திருவிழாக் காலத்தில் அன்னதானத்துக்கு மனமுவந்து அளிக்கின்றனர். அதனோடு, ஆண்டுக்கு ஒரு வகுப்பின் பேருந்துக் கட்டணத்தை ஏற்றுக்கொள்வதும் அறமே ஆகும். வயிற்றுக்கு ஈவது ஒருவேளைப் பசியைத் தீர்க்கும். அறிவுக்கு ஈவது ஒரு தலைமுறைக்கு நின்று பயன் தரும்.

மண்டபத்திலிருந்து திரும்பும் பேருந்து விடியற்காலையில் திருவண்ணாமலையை அணுகும். தொலைவிலேயே மலை தோன்றும். பின்னர்க் கோபுரம் தோன்றும். எங்கோ ஒரு சங்கு முழங்கும். அதனைக் கேட்கும் மாணவனுக்கு, கடலடி மணலில் தன் வீட்டைச் சுமந்து ஊர்ந்துசெல்லும் உயிர் கண்முன் வரும். தன் ஊரிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அவ்வுயிருக்கும் தனக்கும் தொடர்பு உண்டு என்று அவன் உணர்வான். அதனை உணர்ந்தவன், மழைநீர் ஓடும் தெருக்கால்வாயையும் கடலின் வாயிலாகவே கருதிக் காப்பான்.